மண்வெட்டியும் களைக்கொத்தும் மக்கர் செய்தால்: எங்கே பிழை, எப்படிச் சரிசெய்வது?

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் பலர் முதல் மாதத்திலேயே சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். "மண்ணு சரியில்லை", "எனக்கு உடம்பு ஒத்துக்கலை" என்பார்கள். அவர்கள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிப் பார்த்தால் வாய் மழுங்கியிருக்கும், காம்பு ஆடும், இல்லையென்றால் அது அந்த வேலைக்கான கருவியாகவே இருக்காது. உடம்பையும் மண்ணையும் குறை சொல்வதற்கு முன்னால் கருவியைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு என்ன தொல்லையோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

பெயர்களை மட்டும் முதலில் பேசிக்கொள்வோம். மண்வெட்டி, மம்பட்டி, மம்முட்டி எல்லாம் ஒன்றுதான்: அகலமான தகடு, கனமான தலை, இடுப்பு உயரத்துக்கும் குறைவான காம்பு. மண்ணை வெட்டவும் அள்ளவும் இழுக்கவும் அது. வரப்பு வெட்ட, பாத்தி கட்ட, மடை திறக்க அதை மிஞ்ச ஆளில்லை. களைக்கொத்து, களைக்கொட்டு என்பது சின்னத் தகடு, இலேசான தலை. மண்ணின் மேல்தோலைக் கீறிக் களையை வேரோடு அறுப்பது அதன் வேலை. நான் பார்த்தவரை தோட்டத்தில் நடக்கும் தப்புகளில் பாதி, மண்வெட்டியால் களையெடுப்பதில் தொடங்குகிறது. ஒன்றரை கிலோ இரும்பை நூறு தடவை தூக்கி ஒரு சாரணைச் செடியை வெட்டுவது வீண்பாடு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நாலு பாத்தி மட்டும் வைத்திருப்பவர் நல்ல களைக்கொத்தையே வாங்கட்டும். மண்வெட்டி வருஷத்தில் சில நாட்கள்தான் தேவைப்படும், பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

தகட்டின் வெட்டும் விளிம்பை "வாய்" என்றும், காம்பு நுழையும் வளையத்தைக் "காது" என்றும் இங்கே சொல்கிறேன்.

வெட்டு இறங்கவில்லை, தலை துள்ளுகிறது

இதற்குக் காரணம் மூன்று. மண், வாய், சாய்வு. இந்த வரிசையிலேயே பாருங்கள்.

முதலில் மண். காய்ந்த செம்மண்ணும் காய்ந்த கரிசலும் கல் மாதிரிதான் இருக்கும், எந்த மண்வெட்டியும் துள்ளும். ஒரு பிடி மண்ணை நாலு விரற்கடை ஆழத்திலிருந்து எடுத்து உள்ளங்கையில் அழுத்துங்கள். உருண்டையாகவே சேரவில்லை என்றால் ரொம்பக் காய்ந்திருக்கிறது. உருண்டையாகி, கட்டைவிரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர்ந்தால் அதுதான் பதம். பதம் இல்லையென்றால் தண்ணீர் விட்டு, மேல் ஈரம் வாடும்வரை காத்திருந்து மறுபடி உருண்டை பிடித்துப் பாருங்கள். செம்மண் சீக்கிரம் பதத்துக்கு வரும், கரிசல் பல நாள் எடுக்கும். கட்டாயம் இன்றே தோண்ட வேண்டும், மண்ணோ பாறை என்றால், கடப்பாரையோ பிக்காசோ எடுத்து முதலில் உடையுங்கள். அந்த வேலையை மண்வெட்டியிடம் கேட்டால் காதுதான் விரியும்.

மண் பதமாக இருந்தும் துள்ளுகிறதா? வாயைப் பாருங்கள். வெயிலில் நின்று வாயை உங்கள் கண்ணுக்கு நேராகத் திருப்புங்கள். விளிம்பு முழுக்க ஒரு வெள்ளைக் கோடு மின்னினால் மழுங்கிவிட்டது. கூரான விளிம்பில் வெளிச்சம் பட்டுத் திரும்ப இடமே இருக்காது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கடையில் வாங்கும் புது மண்வெட்டி, களைக்கொத்து பலவற்றில் வாய் தீட்டப்படாமலே வருகிறது, மேலே பெயின்ட் வேறு. புதுசு என்பதால் கூர் இருக்கும் என்று நம்பி ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

தீட்டுவதற்கு ஒரு தட்டை அரம் போதும். தலையைப் பலகையில் காலால் அழுத்தியோ, பட்டறைக் கவ்வியில் பிடித்தோ அசையாமல் வையுங்கள். ஏற்கெனவே எந்தப் பக்கம் சாய்வாகத் தேய்த்திருக்கிறார்களோ அந்தப் பக்கம் மட்டும் தேயுங்கள். இரண்டு பக்கமும் தேய்த்துக் கத்தியாக்க வேண்டாம், கல் பட்டதும் உடையும். அரம் முன்னால் தள்ளும்போதுதான் அறுக்கும். பின்னால் இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், இல்லையென்றால் அரத்தின் பல்தான் தேயும். சாய்வு எவ்வளவு என்பதற்கு ஒரு எளிய வழி: சதுரக் காகிதத்தின் ஒரு மூலையைச் சரிபாதியாக மடித்தால் 45 டிகிரி, மூன்றாக மடித்தால் 30. மண்வெட்டிக்கு முன்னது, களைக்கொத்துக்குப் பின்னது. தேய்த்து முடித்ததும் மறுபக்கத்தில் விரலை மெதுவாக வெளிப்பக்கமாகத் தடவினால் ஒரு மெல்லிய பிசிறு தட்டுப்படும். அதை அரத்தைப் படுக்க வைத்து ஒரே ஒரு தள்ளில் எடுத்துவிடுங்கள். முதல் தடவைக்கு அரை மணி நேரம் ஆகலாம். அதற்கப்புறம் வேலைக்குப் போகும்முன் பத்துத் தடவை அரத்தைத் தள்ளினால் போதும்.

மின்சாரச் சாணைச் சக்கரத்தில் வைத்தால் சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். ஆனால் வாய் நீலமாக மாறினால் அந்த இடத்தில் இரும்பின் தோய்ச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கெட்டித்தன்மை, போய்விட்டது, இனி அங்கே கூர் நிற்காது. சக்கரம்தான் என்றால் இரண்டு நொடி தொட்டு, தண்ணீரில் முக்கி, மறுபடி தொடுங்கள்.

மூன்றாவது சாய்வு. தகடு காம்பை நோக்கி ரொம்ப மடங்கியிருந்தால் மண்ணைத் தடவிக்கொண்டு போகும். கிட்டத்தட்ட செங்கோணமாக விரிந்திருந்தால் ஆழமாகக் கடிக்கும். செதுக்கும் வேலைக்கு மடங்கினது நல்லது, தோண்டும் வேலைக்கு விரிந்தது. நீங்கள் செய்யும் வேலைக்கு நேர்மாறாக இருந்தால், காதுக்குள் மேற்பக்கமோ கீழ்ப்பக்கமோ மெல்லிய மரச் சீவல் ஒன்றைச் செருகினால் சாய்வு கொஞ்சம் மாறும். வைத்துப் பார்த்து, தரையில் நிறுத்திப் பார்த்து முடிவு செய்யுங்கள். நிறைய மாற வேண்டும் என்றால் பட்டறையில் காய்ச்சித்தான் வளைக்க வேண்டும். வீட்டில் சம்மட்டியால் அடித்து வளைக்காதீர்கள், காதின் கழுத்தில் விரிசல் விடும்.

மண் அப்பிக்கொண்டு தகடு கனக்கிறது

ஈரம் அதிகம். மேலே சொன்ன உருண்டை உதிராமல் களிமண் பொம்மை மாதிரி அமுங்கினால் அன்றைக்கு மண்ணைத் தொடாதீர்கள். சொதசொதவென்ற கரிசலிலும் களியிலும் கொத்தினால் அது காய்ந்து கட்டி கட்டியாக இறுகி, அந்தப் பருவம் முழுக்க உங்களை வதைக்கும். வேலை கெடுவதைவிட மண் கெடுவதுதான் பெரிய நஷ்டம். பதமான மண்ணும் ஒட்டுகிறது என்றால் தகட்டில் துருவோ பழைய பெயின்டோ சொரசொரப்பாக இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்குங்கள்.

காம்பு ஆடுகிறது, தலை கழன்று வருகிறது

இதை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். எனக்கே நடந்தது. கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்த மண்வெட்டியை "இந்த ஒரு வாய்க்காலை முடித்துவிடலாம்" என்று ஓங்கினேன். தலை கழன்று எனக்குப் பின்னால் போய் விழுந்தது. அங்கே அப்போது யாரும் நிற்கவில்லை. ஐந்து நிமிடம் முன்னால் என் அண்ணன் மகள் அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து, ஆடும் கருவியை ஓங்குவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

பலரும் செய்வது, ராத்திரி முழுக்கத் தலையைத் தண்ணீர் வாளியில் போட்டு வைப்பது. காலையில் இறுக்கமாகத்தான் இருக்கும், ஏனென்றால் மரம் நீர் குடித்து உப்பியிருக்கிறது. ஆனால் உப்பிய மரத்தைச் சுற்றி இரும்புக் காது விரியாது. மரத்தின் நார்தான் நசுங்கும். காய்ந்ததும் முன்னைவிடச் சுருங்கி இன்னும் ஆடும். அவசரத்துக்கு ஒரு நாள் ஓட்டலாம், வழக்கமாக்கினால் காம்பின் தலை வீணாகிவிடும்.

சரியான வழி ஆப்பு. காம்பைக் கழற்றுங்கள். காதுக்குள் இருக்கும் பகுதியைப் பாருங்கள். இரும்பு உரசிய இடம் கறுப்பாக மின்னும், உரசாத இடம் மரநிறத்திலேயே இருக்கும். ஒரே பக்கம்தான் கறுத்திருக்கிறது என்றால் அந்த மேட்டைக் கொஞ்சம் சீவி, எல்லாப் பக்கமும் சமமாகப் பிடிக்கும்படி செய்யுங்கள். காம்பின் நுனி காதைத் தாண்டி ஒரு விரற்கடையாவது வெளியே தெரிய வேண்டும். நுனியில் ரம்பத்தால் நீளவாக்கில் ஒரு பிளவு போட்டு, காது ஆழத்தில் முக்கால் பங்கோடு நிறுத்துங்கள். மாட்டியபின், நன்றாகக் காய்ந்த கெட்டி மரத்தில் சீவிய ஆப்பைப் பிளவுக்குள் அடித்து இறக்குங்கள். ஆணியை அடித்து இறுக்குவது எங்கும் பார்க்கும் வழக்கம்தான், ஆனால் ஆணி நாரைப் பிளந்துவிடும். மரத்தோடு சேர்ந்து உப்பிச் சுருங்கும் மர ஆப்புதான் நிலைக்கும்.

காம்பே உடைந்துவிட்டதா? வாங்கும்போது மரத்தின் ரேகையைப் பாருங்கள். ரேகை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட வேண்டும். குறுக்கே வந்து பக்கவாட்டில் முடிந்தால் அங்கேதான் ஒடியும். கணு இருந்தாலும் அப்படியே, அதுவும் காதுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் கணு இருந்தால் வேண்டவே வேண்டாம். நாட்டுக் கருவேலம் காலங்காலமாக வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் போன மரம், காம்புக்கு அதைவிட நம்பகமானது எனக்குத் தெரியவில்லை. இலேசான களைக்கொத்துக்குக் கல்மூங்கில் போதும். பச்சை மரத்தில் செய்த காம்பு என்றால் எவ்வளவு இறுக்கினாலும் ஒரே மாதத்தில் ஆடும்.

இடுப்பு பிடித்துக்கொள்கிறது

எந்த வேலையில் வலி வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். களையெடுக்கும்போது என்றால் காம்பு குட்டை. குனிந்தே ஒரு மணி நேரம் கொத்தினால் எந்த இடுப்பும் தாங்காது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் வயல்களில் மெக்சிகோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்களுக்குக் குட்டைக் காம்பு களைக்கொத்தைத்தான் கொடுத்தார்கள். குனிந்திருந்தால்தான் வேலை செய்கிறார்கள் என்று மேற்பார்வையாளருக்குத் தூரத்திலிருந்தே தெரியும். முதுகெலும்பு கெட்டுப்போனவர்களின் வழக்கு அந்த மாநில உச்ச நீதிமன்றம்வரை போய், 1975இல் அந்தக் கருவிக்கு அங்கே தடை வந்தது. நம் ஊரில் களையெடுப்பு பெரும்பாலும் பெண்கள் தலையில்தான். அவர்கள் கையில் இன்னும் ஒரு முழக் காம்புதான் இருக்கிறது. இதை நாம் மாற்றியே ஆக வேண்டும்.

நின்றபடி களையெடுக்க, காம்பு உங்கள் தாடை உயரத்துக்கும் மூக்கு உயரத்துக்கும் இடையில் இருக்கட்டும். பிடித்து நின்றால் முதுகு நிமிர்ந்தே இருக்க வேண்டும். வீடு கூட்டுகிற மாதிரி இழுத்தால் போதும், ஓங்கத் தேவையில்லை.

சரி, இருக்கிற மம்பட்டிக்கே நீளக் காம்பு போட்டுவிடலாமா? பலர் போட்டுப் பார்த்து, "வெட்டவே மாட்டேங்குது" என்று திரும்பக் கழற்றியிருக்கிறார்கள். காரணம் இதுதான்: மம்பட்டித் தகடு குனிந்து வெட்டுவதற்காகக் காம்பை நோக்கி மடங்கியிருக்கிறது. நிமிர்ந்து நின்றால் காம்பு செங்குத்தாகிறது, தகடு தரைக்குப் படுக்கையாகிவிடுகிறது, வாய் மண்ணைத் தொடாமல் வழுக்குகிறது. நீளக் காம்பு வேண்டுமென்றால் பட்டறையில் கொடுத்துத் தகட்டைக் கொஞ்சம் விரித்து வாங்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் பலன்.

வரிசையில் விதைத்த பயிர் என்றால், தள்ளுகிற களைக்கருவிகள் இருக்கின்றன. முன்னால் பல் வைத்த சக்கரம், பின்னால் வெட்டும் தகடு, நீளக் கைப்பிடி. நின்றபடி முன்னும் பின்னும் தள்ளி இழுத்தால் போதும். கரடு முரடான இடத்துக்கும் நெருங்கின செடிகளுக்கும் அது சரிப்படாது. நேரான வரிசையும் உதிரியான மண்ணும் இருந்தால் அருமையாக வேலை செய்யும்.

தோண்டும்போது வலி என்றால் தலை கனம் உங்களுக்கு அதிகம், இல்லையென்றால் முதுகை வளைத்துத் தூக்குகிறீர்கள். ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்குங்கள். தலையைத் தோள்வரை தூக்கினால் போதும், மீதியை அதன் கனம் பார்த்துக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை முன்காலையும் முன்கையையும் மாற்றுங்கள். முதலில் கோணலாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

உள்ளங்கையில் கொப்புளம்

காம்பில் வார்னிஷ் அடித்திருந்தால் உப்புத்தாளால் சுரண்டி எடுங்கள். வேர்த்த கையில் வார்னிஷ் பிடித்து இழுத்துத் தோலை உரிக்கும். பருமனையும் பாருங்கள்: கட்டைவிரல் நுனியும் நடுவிரல் நுனியும் தொட்டுக்கொள்ள வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தடவினால் அது மரத்திலேயே உலர்ந்து வழவழப்பாகும். தேங்காய் எண்ணெய் உலராது, பிசுபிசுக்கும். அப்புறம், இறுக்கிப் பிடிக்காதீர்கள். வாய் கூராக இருந்தால் இறுக்கிப் பிடிக்கத் தேவையும் வராது.

களை பத்து நாளில் மறுபடி வந்துவிடுகிறது

இங்கேதான் பலர் மனம் வெறுத்துக் களைக்கொல்லியைத் தேடிப் போகிறார்கள். முதலில் எந்தக் களை திரும்பி வருகிறது என்று குனிந்து பாருங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் பிழை வேறு.

புதுசாக முளைத்த இரண்டிலை நாற்றுகளா? அப்படியானால் நீங்கள் எடுத்த களை திரும்பி வரவில்லை. ஆழமாகக் கொத்தியதால் அடியில் கிடந்த விதைகள் வெளிச்சத்துக்கு வந்து முளைத்திருக்கின்றன. அடுத்த தடவை ஒரு அங்குல ஆழத்துக்கு மேல் போகாதீர்கள். களை ஒரு விரல் நீளம் இருக்கும்போதே செதுக்கிவிட்டால் ஆழம் போக வேண்டிய தேவையே இல்லை.

பருப்புக்கீரை மாதிரியான சதைப்பற்றுள்ள செடிகள், கானாவாழை ஆகியவற்றை வெட்டி அங்கேயே போட்டீர்களா? ஈர மண்ணில் கிடந்தால் மறுபடி வேர் பிடித்துவிடும். கானாவாழை கணுவுக்குக் கணு வேர்விடும், போதாததற்கு மண்ணுக்கு அடியிலும் பூத்து விதை வைக்கும். இவற்றைக் கூடையில் அள்ளி வெளியே கொண்டுபோய்க் காய வையுங்கள். மற்ற களைகளை வெயில் ஏறும் முன் காலையில் வெட்டிவிட்டு, அன்று தண்ணீர் பாய்ச்சாமல் விட்டால் மாலைக்குள் சருகாகிவிடும். களையெடுத்த கையோடு தண்ணீர் விடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். வெட்டுப்பட்ட களைக்கு அது உயிர்த்தண்ணீர்.

அருகு என்றால் மண்வெட்டியால் கொத்துவது அதை நட்டு வைப்பதற்குச் சமம். கணு உள்ள ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. அதற்கு முள்கரண்டி போன்ற பல்கொத்துதான் சரி. மண்ணைப் பொலபொலப்பாக்கி, கொடியை அறுக்காமல் நீளமாக உருவி எடுக்க வேண்டும்.

கோரைக்குத்தான் பொறுமை வேண்டும். மேலே வெட்டினால் கீழே தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகள் விழித்துக்கொள்ளும், ஒன்று போய் மூன்று வரும். கோடையில் பாத்தி காலியாக இருக்கும்போது ஒரு சாண் ஆழம் வெட்டிப் புரட்டி, கிழங்குகளைப் பொறுக்கி, மிச்சத்தைச் சித்திரை வைகாசி வெயிலில் காய விடுங்கள். வெயிலில் வறண்டால் கிழங்கு சாகும். பயிர் இருக்கும்போது அதைப் பட்டினி போடும் வழி ஒன்றுதான்: நாலைந்து இலை வந்ததும் செதுக்குவது, மறுபடி வந்தால் மறுபடி செதுக்குவது, விடாமல். கிழங்கின் சேமிப்பு தீர்ந்துகொண்டே வரும். கோரைக்கு நிழல் ஆகாது, அதனால் அடுத்த போகத்தில் தட்டைப்பயறு போல அடர்ந்து படரும் எதையாவது போடுங்கள்.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், கையுறை போட்டு, வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டி எடுங்கள். அதற்கு மேலே வெட்டினால் தழைத்துவிடும். தோலில் பட்டால் பலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும்.

களையெடுத்த மறுநாள் பயிர் வாடுகிறது

வேரை அறுத்துவிட்டீர்கள். மிளகாய், வெண்டைக்குக்கூட மேல்மண்ணிலேயே பரவும் வேர்கள் உண்டு, வாழைக்கு அதைவிட அதிகம். தண்டிலிருந்து ஒரு சாண் வட்டத்துக்குள் கருவியை விடாமல் கையால் எடுங்கள். கறிவேப்பிலையைச் சுற்றிக் கொத்தி வேர் காயப்பட்டால் அந்த இடத்திலிருந்து பக்கக் கன்று கிளம்பும். கன்று வேண்டும் என்றால் அதையே செய்யலாம், வேண்டாம் என்றால் எட்டியே நில்லுங்கள். நிலக்கடலை போட்டவர்கள் 45ஆம் நாள் வாக்கில் மண் அணைப்பதோடு கொத்தை வைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் மண்ணுக்குள் இறங்கும் விழுதுகளை அசைத்தால் காய் பிடிக்காது.

வாடிய செடிக்கு உடனே செய்யக்கூடியது: வேரைச் சுற்றி மண்ணை அணைத்து, அளவாகத் தண்ணீர் விட்டு, இரண்டு நாள் ஓலையால் நிழல் கட்டுவது.

வாய் மடிகிறது அல்லது பல் பல்லாக உடைகிறது

மடிந்தால் இரும்பு மெத்தென்று இருக்கிறது, உடைந்தால் தோய்ச்சல் அதிகமாகி முறுகியிருக்கிறது. இரண்டுமே அரத்தால் தீராது, கொல்லரிடம்தான் போக வேண்டும். நல்ல கொல்லர் வாயைக் காய்ச்சி அடித்து நீட்டி, மறுபடி தோய்ச்சல் வைத்துக் கொடுப்பார். தேய்ந்து பாதியான மண்வெட்டிக்குக்கூடப் புது வாய் வைத்துத் தரும் பட்டறைகள் இருக்கின்றன. உங்கள் சந்தைப் பக்கம் ஒன்று இருந்தால் அவரிடமே புதுக் களைக்கொத்தும் அடித்து வாங்குங்கள். உங்கள் உயரத்தையும் மண்ணையும் கேட்டுச் செய்து தருகிற ஆள் அவர்தான். வாங்கும்போது தலையைக் காது வளையத்தில் பிடித்துத் தூக்கி, தகட்டைச் சுண்டிப் பாருங்கள். மணி போல ஒலித்தால் நல்லது, சத்தம் அடைத்தாற்போல வந்தால் விரிசல் இருக்கலாம்.

காலில் வெட்டுப்பட்டுவிட்டால்

ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மண்ணில் புழங்கும் கருவி என்பதால் டெட்டனஸ் பயம் உண்டு. சின்னக் காயம்தானே என்று விடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி தேவையா என்று அன்றே கேட்டுவிடுங்கள். மஞ்சளும் காப்பித்தூளும் அப்ப வேண்டாம். மண்வெட்டி பிடிக்கும்போது மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள், செருப்பு போதாது.

ஒரு மழைக்காலம் வைத்தால் துருவேறிவிடுகிறது

மண்ணோடு வைத்ததுதான் காரணம், மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் ஒரு தேங்காய் மட்டையால் தேய்த்துத் தட்டிவிட்டு, எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடையுங்கள், இரண்டு நிமிட வேலை. சிமென்ட் தரையில் சாய்த்து வைக்காமல், வாய் சுவரைப் பார்த்திருக்கும்படி குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டுங்கள். மாட்டும்போதே காம்பை ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிடுங்கள். ஆடினால் அப்போதே ஆப்பைத் தட்டிவிடலாம்.